பழமைவாதக் கட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழமைவாதக் கட்சி என்று எதைச் சொல்கிறார்கள்?

மதம், குடும்பம், சொத்துரிமை, முடியாட்சி, நீதிமன்றம் என்று ஒரு நாட்டில் எதெல்லாம் வேரூன்றி நிற்கிறதோ அதைச் சட்டென்று கலைத்துவிடக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக, தேவையான அளவுக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அதற்காகத் தேர்தலில் நின்று வாக்குக் கேட்கிற கட்சி. இதில் முதல் பாதியை எல்லாரும் கவனிக்கிறார்கள், "வாக்குக் கேட்கிற" என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பழையதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அரசர் பக்கத்தில் இருந்தார், குருமார்கள் இருந்தார்கள், படை இருந்தது, காரியம் நடந்தது. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க வேண்டிய அவசியம் வந்த பிறகுதான் அவர்களுக்குக் கட்சி தேவைப்பட்டது. அதனால் இந்தக் கட்சிகளின் வரலாறு என்பது பாதிக்கு மேல் வாக்குரிமையின் வரலாறுதான்.

மாற்றமே கூடாது என்பவர்கள்தானே பழமைவாதிகள்?

அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் நடத்திய கட்சிகள் நீடித்ததில்லை. பழமைவாதச் சிந்தனைக்கு மூலவர் என்று எல்லாரும் காட்டுகிற எட்மண்ட் பர்க்கே, மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கையில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்பவர் பழமைவாதி. போனதைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவேன் என்று நிற்பவரைப் பிற்போக்காளர் என்பார்கள். 1797-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கடவுள் கொடுத்த தண்டனையாகப் பார்த்து எழுதிய ஜோசப் தெ மேஸ்த்ர் இரண்டாவது வகை. பர்க்கையும் அவரையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் இந்தப் பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது. நடைமுறையில் எந்தப் பழமைவாதக் கட்சியிலும் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள், சண்டையும் அவர்களுக்குள்தான் அதிகம்.

இந்தச் சிந்தனை எங்கே தொடங்கியது?

பிரெஞ்சுப் புரட்சியில் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அது சரிதான். 1789-இல் பிரான்ஸின் தேசிய மன்றத்தில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்க வேண்டுமா என்ற விவாதம் நடந்தபோது, இருக்க வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கமும் கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வலதுசாரி, இடதுசாரி என்று இன்றைக்கு வரை நாம் பேசுவது அந்த நாற்காலி வரிசையைத்தான். அடுத்த ஆண்டே, 1790-இல், பர்க் புரட்சியைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். அரசரின் தலை விழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே, இது ரத்தத்திலும் ராணுவ ஆட்சியிலும்தான் போய் முடியும் என்று அதில் எச்சரித்திருந்தார்.

ஆனால் பர்க் எந்தப் பழமைவாதக் கட்சியிலும் இருந்ததில்லை. டப்ளினில் பிறந்தவர், எதிர்முகாமான விக் கட்சிக்காரர் (பின்னால் லிபரல் கட்சியாக உருமாறியது அதுதான்). அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர், இந்தியாவில் செய்த அட்டூழியங்களுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸைப் பதவிநீக்க விசாரணைக் கூண்டில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் விரட்டியவர். அதிகாரம் கட்டுப்பாடில்லாமல் போவதுதான் அவருக்குப் பிடிக்காது, அது கம்பெனி அதிகாரியின் கையில் இருந்தாலும் சரி, பாரிஸ் கூட்டத்தின் கையில் இருந்தாலும் சரி. அவரை வெறும் அரச விசுவாசியாகச் சுருக்குகிறவர்கள் அவரைப் படிக்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

டோரி என்பதும் பழமைவாதக் கட்சி என்பதும் ஒன்றா?

பிரிட்டனில் இன்றும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள், ஆனால் டோரிகள் ஒன்றரை நூற்றாண்டு மூத்தவர்கள். 1679 முதல் 1681 வரை, கத்தோலிக்கரான யார்க் கோமகன் ஜேம்ஸ் அரியணை ஏறலாமா என்ற சண்டை நடந்தது. வாரிசுரிமையில் கைவைக்கக் கூடாது என்றவர்களுக்கு டோரி என்று எதிரிகள் பெயர் வைத்தார்கள். அயர்லாந்தின் வழிப்பறிக்காரர்களைக் குறித்த வசைச்சொல் அது. அந்தக் காலத்து டோரிகளுக்கு உறுப்பினர் அட்டை, கிளை, தலைமையகம் எதுவும் கிடையாது. நிலப்பிரபுக்களும் ஆங்கிலிகன் திருச்சபையும் அரசரும் என்று ஒரு மனப்போக்கு, அவ்வளவுதான்.

சரி, கட்சியாக எப்போது பிறந்தது?

1832-க்கும் 1835-க்கும் இடையில் என்று சொன்னால் பெரிய தவறு இருக்காது. 1832-இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கு முன் ஓல்டு சாரம் என்ற, கிட்டத்தட்ட ஆளே குடியில்லாத மேட்டிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படி நிலப்பிரபுக்களின் சட்டைப்பையில் கிடந்த 56 தொகுதிகளை அந்தச் சட்டம் ஒரேயடியாக ஒழித்தது, நடுத்தர வர்க்கத்தில் கணிசமான பேருக்கு வாக்கு கொடுத்தது. டோரிகள் கடைசி மூச்சு வரை எதிர்த்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் தொடங்கிய தேர்தலில் 658 இடங்களில் 200-கூடத் தேறவில்லை.

இங்கேதான் ராபர்ட் பீல் வருகிறார். பருத்தி ஆலை முதலாளியின் மகன். 1829-இல் லண்டன் மாநகரக் காவல்துறையை அமைத்தவரும் அவரே. 1834 நவம்பரில் நான்காம் வில்லியம் அரசர் விக் அரசை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பீலைப் பிரதமராக்க முடிவு செய்தபோது, பீல் குடும்பத்தோடு ரோமில் இருந்தார். தூதன் போய், அவர் வண்டி கட்டித் திரும்பி வர டிசம்பர் 9 ஆகிவிட்டது. அதுவரை வெலிங்டன் கோமகன் பிரதமர், உள்துறை, வெளியுறவு, போர்த்துறை எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக நடந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வேடிக்கைக்கு நடுவில்தான் டாம்வொர்த் அறிக்கை பிறந்தது.

பெயர்தான் அறிக்கை. உண்மையில் அது பீல் தன் தொகுதியான டாம்வொர்த் வாக்காளர்களுக்கு எழுதிய கடிதம், நாடு முழுக்கப் படிக்கட்டும் என்று செய்தித்தாள்களுக்கும் கொடுத்தார். கட்சித் தலைவர் ஒருவர் தேர்தலுக்கு முன் நாட்டு மக்கள் எல்லாரிடமும் கொள்கையைச் சொல்வது அப்போது புதுப் பழக்கம். அதில் அவர் சொன்னதன் சாரம்: நான் எதிர்த்த சீர்திருத்தச் சட்டம் இனி முடிந்துபோன விஷயம், அதைத் திருப்ப முயலமாட்டேன். அரசிலும் திருச்சபையிலும் முறைகேடு நிரூபணமானால் திருத்துவேன், உண்மையான குறை இருந்தால் தீர்ப்பேன். ஆனால் யாரோ கத்துகிறார்கள் என்பதற்காக ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைப் பிடுங்கி நட மாட்டேன். தோற்ற சண்டையை மறுபடி போடுவதில்லை, அடுத்த சண்டைக்கான எல்லைக்கோட்டை இங்கே போடுகிறேன் என்பதுதான் இது. பின்னால் வந்த பழமைவாதக் கட்சிகளில் வெற்றிகரமானவை எல்லாமே ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்திருக்கின்றன.

கடிதம் மட்டும் இருந்தால் கட்சி வளர்ந்திருக்காது. புதிய சட்டப்படி வாக்காளர் தன் பெயரைப் பட்டியலில் பதிய வேண்டும், நகரத் தொகுதிகளில் அதற்கு ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் கட்டணம் வேறு. நம் ஆட்களின் பெயரைச் சேர்ப்பது, எதிராளியின் ஆட்கள் பெயரில் ஆட்சேபம் எழுப்பி நீக்க வைப்பது என்று இது முழுநேர வேலையாகிவிட்டது. 1832-இல் தொடங்கிய கார்ல்டன் மன்றம் லண்டனில் தலைமையகம் போல நின்று இந்த வேலையைக் கவனித்தது, ஊர்களில் பழமைவாதச் சங்கங்கள் முளைத்தன, வழக்கறிஞர்கள் பதிவு மன்றங்களில் காவல் காத்தார்கள். டோரி என்ற பழைய பெயரை ஒதுக்கிவிட்டு கன்சர்வேட்டிவ் என்று சொல்லிக்கொள்வதும் இந்த ஆண்டுகளில்தான் நிலைபெற்றது. 1841-இல் தெளிவான பெரும்பான்மையோடு ஆட்சிக்கே வந்துவிட்டார்கள்.

அந்தக் கட்சியைப் பீலே உடைத்தார் என்கிறார்களே?

ஆமாம், ஐந்தே ஆண்டில். தானியச் சட்டங்கள் என்று இருந்தன. 1815-இல் வந்தபோது, உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத்துத் தானிய அளவு) 80 ஷில்லிங் விலையைத் தொடும் வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக் கூடாது என்று சொன்ன சட்டம். பின்னால் தளர்த்தினார்கள் என்றாலும் நிலப்பிரபுக்களின் வருமானத்துக்கு அதுதான் அரண், கட்சியின் முதுகெலும்பே நிலப்பிரபுக்கள்தான். பீல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடையற்ற வணிகத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம் தலைகாட்டியதும், சட்டத்தை எடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

அவர் கட்சி உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்து வாக்களித்தார்கள், எதிர்க்கட்சியின் வாக்குகளால்தான் மசோதா தேறியது. 1846 ஜூன் 25 இரவு பிரபுக்கள் சபை தானியச் சட்டங்களின் ஒழிப்பை ஏற்றது. அதே இரவில் மக்களவையில் அயர்லாந்து பற்றிய வேறொரு மசோதாவில், சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே எதிரிகளோடு சேர்ந்து பீலைத் தோற்கடித்தார்கள். சில நாளில் பதவி விலகினார். அவரோடு போனவர்களில் கிளாட்ஸ்டன் ஒருவர், பிற்பாடு லிபரல் கட்சியின் மாபெரும் தலைவரானவர். மறுபடி தனிப் பெரும்பான்மை கிடைக்க மிச்சக் கட்சிக்கு 1874 வரை, 28 ஆண்டுகள் பிடித்தன.

இதில் எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், பீலை நாடாளுமன்றத்தில் வார்த்தையாலேயே குத்திக் கிழித்த பெஞ்சமின் டிஸ்ரேலி, 1852-இல் நிதியமைச்சர் ஆனதும் தானியத் தீர்வையைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சையே மூட்டை கட்டி வைத்தார். எந்தச் சட்டத்துக்காகக் கட்சியை உடைத்தார்களோ, ஆறு ஆண்டில் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இறக்குமதித் தீர்வை வேண்டுமா வேண்டாமா என்ற வியாதி மட்டும் போகவில்லை. 1904-இல் இளம் சர்ச்சில் லிபரல் பக்கம் தாவியதும் இதே விவகாரத்தில்தான்.

எல்லாருக்கும் வாக்கு வந்தால் பணக்காரர் கட்சி காணாமல் போயிருக்க வேண்டுமே?

அப்படித்தான் அவர்களே பயந்தார்கள். 1867-இல் நகரத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினருக்கு வாக்குரிமை கொடுத்த சட்டத்தைக் கொண்டுவந்தது, விநோதம், டிஸ்ரேலிதான். லிபரல்கள் கொண்டுவந்த மிதமான மசோதாவைத் தோற்கடித்துவிட்டு, அதைவிடத் தாராளமானதைத் தானே நிறைவேற்றினார். மனம் கொதித்து அமைச்சரவையிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவர் கிரான்போர்ன். பிறகு சால்ஸ்பரி பிரபு என்ற பெயரில் மூன்று முறை பிரதமரானார், அவர் அஞ்சிய அதே தொழிலாளர்களின் வாக்கில்.

உடனே பலன் கிடைக்கவில்லை, 1868 தேர்தலில் தோற்றார்கள். ஆனால் 1874-இல் வென்று, அடுத்த ஆண்டே பொதுச் சுகாதாரச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், வேலைநிறுத்தத்தில் அமைதியாக மறியல் செய்ய வழிவிட்ட சட்டம் என்று வரிசையாகப் போட்டார்கள். 'நாங்கள் தேசம், அவர்கள் ஒரு வர்க்கம்' என்பது டிஸ்ரேலி விட்டுப்போன பாணி: பேரரசு, அரசி, திருச்சபை ஒருபுறம், சாக்கடையும் வீட்டு வசதியும் மறுபுறம்.

அமைப்பு வேலையை மறந்துவிடக் கூடாது. டிஸ்ரேலி இறந்த பிறகு 1883-இல் ப்ரிம்ரோஸ் லீக் என்று ஒன்று தொடங்கினார்கள். அது அவருக்குப் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பூவின் பெயர், அவர் இறுதிச் சடங்குக்கு விக்டோரியா அரசியே அந்தப் பூக்களை அனுப்பியிருந்தார். உறுப்பினர்களுக்கு வீரர், சீமாட்டி என்று பட்டம், நெஞ்சில் குத்திக்கொள்ள வில்லை, தேநீர் விருந்து, நடனம், மாயவிளக்குப் படக்காட்சி. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 1890-களில் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கே இல்லாத பெண்கள் வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினார்கள். பணக்காரர் நலனை ஏழை ஆதரிக்கிறானே என்று ஆச்சரியப்படுகிறவர்கள், அவனுக்கு மதம், நாட்டுப்பற்று, பக்கத்து ஊர்க்காரன் மீது கோபம், விருந்துக்கு அழைத்த மரியாதை என்று வேறு பத்துக் காரணங்களும் உண்டு என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் இதே கதையா?

இல்லை, அங்கேதான் வித்தியாசம் முக்கியமாகிறது. ஸ்வீடனில் ஏறக்குறைய இதே வழியில் போனார்கள். 1909-இல் அர்விட் லிண்ட்மன் என்ற பழமைவாதப் பிரதமர், ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டு, பதிலுக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையை வாங்கிக்கொண்டார். தோற்றாலும் முழுதாகத் துடைத்தெறியப்பட மாட்டோம் என்பதற்கான காப்புறுதி அது. நார்வேயில் 1884-இல் தொடங்கிய கட்சியின் பெயரே 'வலது' என்பதுதான், இன்றும் முக்கியக் கட்சிகளில் ஒன்று.

பிரஷ்யாவில் (பிறகு ஜெர்மனியின் மிகப்பெரிய பகுதி) தலைகீழ். அங்கே 1849 முதல் 1918 வரை வாக்காளர்களைக் கட்டும் வரியை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மொத்த வரியில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டும் கொஞ்சம் பேருக்கும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கைக் கட்டும் பெருங்கூட்டத்துக்கும் ஒரே எடை. வாக்கும் ரகசியமில்லை. இப்படி இருக்கும்போது நிலப்பிரபுக்கள் எதற்காக மெனக்கெட்டு ஊழியர்களைப் பழக்கிக் கிளைகளைக் கட்டப்போகிறார்கள்? ஜெர்மனியின் சான்சலர் (அரசின் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க் 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதுமை ஓய்வூதியம் என்று உலகத்துக்கே முன்னோடியான திட்டங்களைக் கொடுத்தார், சோஷலிஸ்டுகளின் காலை வாருவதற்காக. ஆனால் அது அரசு மேலிருந்து கொடுத்தது. கட்சி கீழிருந்து வளரவே இல்லை.

அப்படியானால் பழமைவாதமும் பாசிசமும் ஒன்றுதானா?

ஒன்றில்லை, ஆனால் ஒன்று இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்ட கதை உண்டு. 1918-இல் ஜெர்மன் முடியாட்சி விழுந்ததும் பழைய பழமைவாதிகள் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி என்று சேர்ந்தார்கள். 1924 டிசம்பரில் 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு இருந்தது. 1928-இல் 14 ஆனது. தலைமையைப் பத்திரிகை முதலாளி ஆல்ஃபிரட் ஹூகன்பெர்க் பிடித்து, மிதவாதிகளை விரட்டியடித்தார். 1930-இல் 7 சதவீதம். சொந்தக் காலில் நிற்க முடியாதபோது அடுத்தவர் தோள் தேவைப்பட்டது, 1933 ஜனவரியில் ஹிட்லரின் கூட்டணி அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார்கள். இவனை நாம் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கு. ஹூகன்பெர்க் ஜூன் மாதமே அமைச்சர் பதவியை இழந்தார், கட்சியும் அதே மாதம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

பாசிசம் புதிய மனிதனை உருவாக்கப் போகிறேன், தெருவில் திரளும் கூட்டத்தால் எல்லாவற்றையும் புரட்டப் போகிறேன் என்றது. பர்க்கின் கண்ணில் அது புரட்சி தவிர வேறில்லை. எனக்குத் தோன்றுவது, பலமான பழமைவாதக் கட்சி இருந்த நாடுகளில் ஜனநாயகம் பிழைத்ததும், பலவீனமாக இருந்த இடத்தில் விழுந்ததும் வெறும் தற்செயல் இல்லை. தேர்தலில் தோற்றாலும் அடுத்த முறை வரலாம் என்ற நம்பிக்கை இருப்பவனுக்கு ஆட்டத்தைக் கலைக்க வேண்டிய தேவை இல்லை.

கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் இந்தக் கணக்கில் வருமா?

பாதி வரும். 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் சோஷலிசத்தையும் கண்டித்தார், கட்டுப்பாடற்ற முதலாளித்துவத்தையும் கண்டித்தார். அந்த வேரிலிருந்து வந்தவை இவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945-இல் ஜெர்மனியில் உருவான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையினரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது, அதுவே அங்கே பெரிய சாதனை. 1949-இல் அதன் தலைவர் கொன்ராட் அடெனாவர் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார். 1951-இல் நிலக்கரி, எஃகு ஆலைகளின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர்களுக்குச் சரிபாதி இடம், 1957-இல் ஊதிய உயர்வோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம் என்று போனது அவர் ஆட்சி. 1980-களில் பிரிட்டனை ஆண்ட தாட்சரின் ஆட்கள் இதைப் பழமைவாதம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

லத்தீன் அமெரிக்காவில்?

அங்கே சண்டை திருச்சபையைச் சுற்றித்தான். கொலம்பியாவில் 1849-இல் தொடங்கிய பழமைவாதக் கட்சி லிபரல்களோடு வாக்கில் மட்டுமில்லை, துப்பாக்கியிலும் மோதியது. 1899 முதல் 1902 வரை நடந்ததற்கு ஆயிரம் நாள் போர் என்றே பெயர். கடைசியில் 1958 முதல் 1974 வரை அதிபர் பதவியை இரு கட்சிகளும் முறை வைத்து மாற்றிக்கொண்டு சமாதானமானார்கள்.

மெக்சிகோவின் கதை இன்னும் பரிதாபம். உள்நாட்டுப் போரில் தோற்ற பழமைவாதிகள், பிரெஞ்சுப் படையின் துணையோடு ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியனை 1864-இல் பேரரசராக இறக்குமதி செய்தார்கள். வந்தவரோ திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித் தர மறுத்து, லிபரல்களின் சீர்திருத்தங்களில் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார். 1867-இல் அவரைச் சுட்டுக் கொன்றதோடு அந்தக் கட்சியின் கதையும் முடிந்தது.

அமெரிக்காவில் ரிபப்ளிகன் கட்சி தொடக்கம் முதலே பழமைவாதக் கட்சியா?

இல்லவே இல்லை. 1854-இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்துத் தொடங்கிய கட்சி, அந்தக் காலத்துக்கு அது புரட்சிகரமானது. அரசர் இல்லை, பரம்பரைப் பிரபுக்கள் இல்லை, தேசியத் திருச்சபை இல்லை என்றால் எதைக் காப்பது? அவர்களுக்குக் காக்கக் கிடைத்தது அரசியலமைப்புச் சட்டமும், மாநில உரிமையும், சொத்தும், மதமும். வெகுகாலம் இரண்டு கட்சிகளிலும் பழமைவாதிகள் இருந்தார்கள், நிறப்பாகுபாட்டைக் காத்த தென்மாநிலத்தார் பெரும்பாலும் டெமாக்ரட்டுகள். 1964-இல் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டர் ரிபப்ளிகன் வேட்பாளராக நின்று ஆறே மாநிலங்களை வென்றார்: ஒன்று அவருடைய சொந்த மாநிலம் அரிசோனா, மற்ற ஐந்தும் ஆழ்ந்த தெற்கு. படுதோல்விதான், ஆனால் வரைபடம் அன்றைக்கே மாறத் தொடங்கிவிட்டது. 1980-இல் ரீகன், வரிக்குறைப்புக் கூட்டத்தையும் கம்யூனிச எதிர்ப்பாளர்களையும் சுவிசேஷகக் கிறிஸ்தவர்களையும் ஒன்றாக்கி வென்றபோது அது முழுதாக ஒரு பழமைவாதக் கட்சி ஆனது.

தடையற்ற சந்தைதான் பழமைவாதத்தின் அடிப்படை இல்லையா?

இப்போது பலருக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் தடையற்ற வணிகம் லிபரல்களின் கொடி. சந்தைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய பொருளியலறிஞர் ஹாயெக், தான் ஏன் பழமைவாதி இல்லை என்று 1960-இல் ஒரு கட்டுரையே எழுதினார். பழமைவாதியால் போகிற வண்டிக்குப் பிரேக் போட முடியும், வேறு திசை காட்ட முடியாது என்பது அவர் குறை. அப்படிப்பட்டவரைத்தான் மார்கரெட் தாட்சர் தன் ஆசானாகக் கொண்டாடினார்.

1979-இல் ஆட்சிக்கு வந்த தாட்சர் எதையும் மெதுவாகச் செய்யவில்லை. 1984-இல் தொலைபேசி, 1986-இல் எரிவாயு என்று அரசு நிறுவனங்களை விற்றார், 1980 சட்டத்தால் அரசு வாடகை வீடுகளைக் குடியிருந்தவர்களே வாங்க வழி செய்தார், 1984-85 சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை முறித்தார். சந்தை என்பது இருக்கிற வேலைகளையும் தொழில்களையும் தலைமுறைக்கு ஒருமுறை புரட்டிப்போடுவது. அதையும் குடும்பம், சுற்றம், மரபு ஆகியவற்றையும் ஒரே மேடையில் எப்படிப் பேசுவது என்ற சிக்கல் இந்தக் கட்சிகளுக்குள் இன்னும் தீரவில்லை.

பெயரில் 'லிபரல்' என்று இருக்கிற பழமைவாதக் கட்சிகளும் உண்டா?

உண்டு. 1944-இல் ராபர்ட் மென்சிஸ் தொடங்கிய ஆஸ்திரேலிய லிபரல் கட்சி ஒன்று. 1955-இல் இரண்டு கட்சிகள் இணைந்து உருவான ஜப்பானின் லிபரல் டெமாக்ரடிக் கட்சி இன்னொன்று, அது 1993 வரை இடைவிடாமல் ஆண்டது. நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு 1961-இல் அங்கே நிறைவேறியது அவர்கள் ஆட்சியில்தான். பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

எதிர்த்து வாக்களித்த சட்டத்தையே பிறகு காப்பாற்றுகிறார்கள். இது போலித்தனம் இல்லையா?

சில சமயம் போலித்தனம்தான். ஆனால் பெரும்பாலும் அந்தக் கட்சிகள் இயங்குகிற முறையே அதுதான். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை மசோதாவை 1946-இல் கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது, 1951-இல் ஆட்சிக்கு வந்ததும் அதைக் கலைக்கவில்லை, இன்றைக்கு அதைக் காப்பது நாங்கள்தான் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறது. 2011-இல் அந்தக் கட்சியின் பிரதமர் டேவிட் கேமரன், தான் பழமைவாதியாக இருப்பதால்தான் ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன் என்றார், திருமணம் என்ற அமைப்பு பலப்படுமே என்ற தர்க்கம். 2013-இல் மசோதா முதல் முறை வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். எதிராளி கொண்டுவந்த மாற்றம் ஒரு தலைமுறை தாக்குப்பிடித்துவிட்டால் அதுவும் மரபாகிவிடுகிறது, காக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. யாருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லாமல் போகிறது என்று கேட்பதும் நியாயமான கேள்விதான், அதைக் கேட்காமல் விட்டதால்தான் பல அநியாயங்கள் மரபு என்ற பெயரில் நீண்ட காலம் நின்றன.

இப்போது வளர்ந்துவரும் வலதுசாரி ஜனரஞ்சகக் கட்சிகளும் இதே வகைதானா?

வாக்காளர்கள் பலர் ஒன்றாக இருக்கலாம், குணம் வேறு. நீதிமன்றம், அதிகாரிகள், பல்கலைக்கழகம், பத்திரிகை எல்லாமே கெட்டுவிட்டன, மக்கள் சார்பில் நான் வந்து உடைக்கிறேன் என்பது அவர்கள் பேச்சு. பீல் எழுதிய கடிதத்தை வைத்துப் பார்த்தால் அது நேர்எதிர். ஆனாலும் நடுவில் கோடு நேராக இல்லை. பழைய கட்சி ஒன்று உள்ளிருந்தே அப்படி மாறிப்போவதும் உண்டு, வெளியிலிருந்து வந்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் சாந்தமாகிவிடுவதும் உண்டு.

இவ்வளவு பழைய கட்சி ஒன்று ஒரே தேர்தலில் அழிந்துபோகுமா?

போயிருக்கிறது. இத்தாலியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1946 முதல் 1992 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் முதலிடம் பிடித்தது, லஞ்ச விசாரணைகளில் சிக்கி 1994-இல் கலைந்தேபோனது. கனடாவில் இன்னும் வேகம். 1867-இல் நாட்டின் முதல் பிரதமரான ஜான் மக்டொனால்டின் வழிவந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சி (ஆமாம், 1942 முதல் அதுதான் பெயர்) 1993 தேர்தலுக்கு ஆளுங்கட்சியாகப் போய், இரண்டே இரண்டு இடங்களோடு திரும்பியது. பிரதமர் கிம் கேம்பலே தன் தொகுதியில் தோற்றார். வாக்கு 16 சதவீதம் இருந்தது, ஆனால் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. மேற்கு மாகாணங்களின் கோபத்தைத் திரட்டிய ரிஃபார்ம் கட்சி அதைவிடச் சற்றே கூடுதல் வாக்கில் 52 இடங்களை அள்ளியது. பத்து ஆண்டு இரண்டு தரப்பும் ஒருவர் வாக்கை ஒருவர் தின்று லிபரல்களை ஜெயிக்க வைத்தார்கள். 2003-இல் ரிஃபார்மின் வாரிசுக் கட்சியோடு இணைந்தபோது பெயரிலிருந்த 'முற்போக்கு' விடைபெற்றது, 2006-இல் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமரானார்.